அளக்காத காற்று

தூங்கி என்ற பெயரை அவனுக்கு வைத்தது அவன் மனைவி. கல்யாணமான புதிதில் ஒருநாள் பட்டறைக்கு வந்தவள், ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் முன்னால் இரண்டு கையையும் ஊன்றிக் கண்ணை மூடி நின்றவனைப் பார்த்துவிட்டு, பக்கத்து சலவைக் கடைக்காரரிடம் "இவர் நின்னுக்கிட்டே தூங்குவாரா?" என்று கேட்டாள். சலவைக் கடைக்காரர் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. ஒரே வாரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. இப்போது அவனுக்கு ஐம்பத்தோரு வயது. பட்டறைப் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, "தூங்கி பட்டறை எங்கே?" என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள்.

உண்மையில் அவன் தூங்குவதில்லை. காற்றாகிவிடுகிறான். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும், அதனால் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கண்ணை மூடியதும் ஃபில்டர் பெட்டியின் வாய்க்குள் நுழைவான். காகித மடிப்புகளுக்கு நடுவில் தூசியை உதறிவிட்டு, வரும் காற்றை அளக்கிற சென்சாரின் மெல்லிய கம்பியை உரசிக்கொண்டு போவான். டர்போவின் சின்ன விசிறியில் நாலு சுற்றுச் சுற்றி, இன்டர்கூலரின் குளிர்ந்த சந்துகளில் இளைப்பாறி, த்ராட்டில் தட்டின் கதவிடுக்கு வழியாக மேனிஃபோல்ட் என்கிற அலுமினிய அறைக்குள் வந்து நிற்பான். அங்கிருந்து நாலு சிலிண்டருக்கும் நாலு வாசல். வருகிற வழியில் எங்காவது வெளிச்சம் வரக்கூடாத இடத்தில் வெளிச்சம் வந்தால் அங்கே ஓட்டை. கண்ணைத் திறந்து நேராக அங்கே கையை வைப்பான். பத்துக்கு ஒன்பது முறை சரியாக இருக்கும். மீதி ஒன்றுக்காகத்தான் இந்தக் கதை.

பட்டறையும் அந்த மாதிரி மயக்கத்துக்குத் தோதான இடம். இரண்டு கார் நிற்கலாம். பக்கத்துச் சுவரின் மேல்பக்கம் இரண்டு செங்கல் விழுந்த இடத்தின் வழியே மத்தியானமானால் சலவைக் கடையின் ஆவி உள்ளே வரும். சோப்பு வாசனையோடு தாழ்வாக மிதந்து, தகரக் கூரை இடுக்கில் இறங்கும் வெயிலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் கார்களுக்கு ஓரம் எது, நிழல் எது என்று தெரியாது. அந்த இரண்டு செங்கலையும் வைத்துப் பூச அவனுக்கு ஒரு மணி நேரம் போதும். பூசவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பான்.

அப்புறம் என்பது அவனுக்கு ஒரு சொல் மட்டும் இல்லை, ஒரு டிராயர். வேலை மேசையின் கீழ்த் தட்டு. ஒரு காரைத் தற்காலிகமாக எதையாவது வைத்து ஓட்டி அனுப்பியிருப்பான், சரியான பாகம் பிறகு வந்து சேரும், கார்க்காரர் மறந்திருப்பார், இவனும் மறந்திருப்பான், பாகம் டிராயருக்குள் போய்விடும். மனைவி ஒருநாள் அந்த டிராயரின் முகத்தில் சாக்பீஸால் 'அப்புறம்' என்றே எழுதி வைத்தாள். அவன் அதை அழிக்கவில்லை. அழிப்பதையும் அப்புறம் என்று விட்டிருக்கலாம்.

அக்காவின் கார் பச்சை. அடர்ந்த பச்சை, இருபத்து மூன்று வயது, டர்போ வைத்தது. பெயரும் பச்சைதான். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. பின்சீட்டில் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஒரு நாளைக்குப் பதினைந்து கடை ஏறி இறங்குவாள். ஒரு பெட்டி உடைந்ததில்லை, ஒரு கடைக்குத் தாமதமாகப் போனதில்லை. மேம்பாலத்தில் ஏறும்போது அவள் காலை அழுத்துகிற அழுத்தில் டர்போ விசிலடிக்கும், பக்கத்தில் வருகிற இளவட்டங்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வாழ்க்கையில் அவளுக்கு வேறு கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது.

அத்தானுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஓட்டுபவர்களுக்குச் சொல்லித்தரத் தெரியும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் முன்சீட்டில் உட்கார்ந்து அதைத்தான் செய்கிறார். அதோடு, காரில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்று பல வருஷமாகப் புகார் சொல்லிவருகிறார். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அத்தானுக்கு வீட்டில் கேஸ் வாசனையும் அடிக்கும், பக்கத்து வீட்டுப் பெயிண்ட் வாசனையும் அடிக்கும்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்காவின் பச்சை, சிக்னலில் நின்ற இடத்தில் நடுங்க ஆரம்பித்தது. ஐட்லிங்கில், அதாவது நின்றபடி ஓடும்போது, இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் கீழே இறங்கும், ஏறும், மறுபடி இறங்கும், அப்படியே அணைந்துவிடும். அக்கா பட்டறைக்கு வந்து சொன்னாள்.

"சளி பிடிச்ச குழந்தை மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விடுதுடா. திடீர்னு நின்னுடுது."

தூங்கி பானெட்டைத் திறந்து ஓடவிட்டான். வண்டி வழவழவென்று ஓடியது. கண்ணை மூடினான், உள்ளே போனான், ஒன்றும் இல்லை.

"நியூட்ரல்ல வெச்சிருந்தியா?"

"நியூட்ரல்லதான்."

"கிளட்ச்ல கால் அரைகுறையா இருந்திருக்கும் அக்கா. மெதுவா விடு."

இதைச் சொன்னபோது அக்காவின் மகனும் பக்கத்தில் நின்றான். தலையாட்டினான். அத்தான் "இதைத்தான் நானும் சொல்றேன்" என்றார். அக்கா தன் காலைக் குனிந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

அந்தப் பார்வைக்கு அர்த்தம் தூங்கிக்கு உடனே புரிந்திருக்க வேண்டும். அவர்களுடைய அம்மாவுக்கு அறுபது நெருங்கியபோது முதலில் மறந்தது கால். செருப்பு வழியில் கழன்று விழுந்திருக்கும், அது தெரியாமல் வீடு வந்து சேர்வாள். பிறகு படி ஏற முடியாமல் போனது, பிறகு நாற்காலி, பிறகு கட்டில். ஆறு வருஷம் பார்த்துக்கொண்டது அக்கா. தூங்கி வாரம் ஒருமுறை போய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுவிட்டு வருவான். அம்மாவின் பாதத்தை அமுக்கிவிடும்போது "தெரியுதாம்மா? இப்ப தெரியுதா?" என்று அக்கா கேட்கிற குரல் இன்றைக்கும் அவன் காதில் இருக்கிறது. டாக்டர் இது வழி வழியாக வரலாம், வராமலும் போகலாம் என்றார். அதன்பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

ஆகவே சிக்னலில் கார் நின்றபோது அக்காவின் கேள்வி காரைப் பற்றியதே இல்லை. நின்றது கார்தானா, இல்லை தன் காலா என்பதுதான்.

அடுத்த வாரம் மறுபடி வந்தாள். இந்தமுறை தூங்கி ஸ்கேனரை மாட்டினான். காரின் கம்ப்யூட்டர் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தது: ஐட்லிங்கில் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை. சென்சார் அளந்த காற்றுக்குத் தக்கபடி கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது. அளக்காத காற்று வேறு எங்கிருந்தோ உள்ளே வந்து கலக்கிறது. கணக்கு உதைக்கிறது, இன்ஜின் நடுங்குகிறது. தூங்கிக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெயிண்ட் டப்பாவில் ஹீட்டர் கம்பி வைத்து அவனே செய்த புகைப் பெட்டி ஒன்று உண்டு. எண்ணெய்ப் புகையைக் குழாய் வழியே இன்ஜினுக்குள் அனுப்பினான். சலவைக் கடை ஆவியும் அந்தப் புகையும் கலந்து பட்டறையே மேகத்துக்குள் போய்விட்டது. அந்த மேகத்துக்குள் டார்ச்சை அடித்துக்கொண்டு தேடினான். இன்டர்கூலருக்குக் கீழே ஒரு ஹோஸ் வளைவில் நூல் மாதிரி புகை எழும்பிற்று.

"பிடிச்சுட்டேன்!" என்று அவன் கத்திய கத்தில் சலவைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஹோஸை மாற்றினான். கம்ப்யூட்டரின் குறிப்பை அழித்தான். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப கார்தானா?" என்று இரண்டு முறை கேட்டாள். கார்தான் என்று அவன் நெஞ்சைத் தட்டிச் சொன்னான்.

மூன்றாம் நாள் மேம்பாலம் இறங்கி வரும் பெரிய சந்திப்பில் பச்சை நின்றது. பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தான். பின்னால் நாற்பது வண்டி ஹாரன் அடித்தது. ஒருவன் கண்ணாடியை இறக்கி, "வயசான காலத்துல வீட்ல இருக்க வேண்டியதுதானே" என்று சொல்லிவிட்டுப் போனான். அக்கா சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மகன் இறங்கி வந்து அவளைப் பக்கத்துச் சீட்டுக்கு நகரச் சொல்லி, தானே கிளப்பி ஓரம் கட்டினான். சற்று ஆறவிட்டு வீடுவரை ஓட்டினான். அவன் கையில் வண்டி சாதுவாக வந்தது.

அவன் கெட்டவன் இல்லை. அம்மாமேல் உயிர். ஆனால் உயிர் என்பதாலேயே பயம், பயம் என்பதாலேயே கண்டிப்பு. வீட்டு வாசலில் நிறுத்தியதும் சொன்னான்:

"அம்மா, கார்ல ஒண்ணும் இல்லை. போதும்மா. ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது."

அக்கா எதிர்த்துப் பேசுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். சாவியை வண்டியிலிருந்து உருவி அவன் கையில் வைத்தாள். "வித்துடு" என்றாள்.

சில வாரம் கழித்து வாங்குவதற்கு ஆள் கிடைத்தது. சனிக்கிழமை காலை வண்டியைக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன் மாமா ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று புதன்கிழமை மகன் பச்சையைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போனான்.

தூங்கி இரண்டு நாள் அந்தக் காரோடு கிடந்தான். ஸ்கேனரில் அதே குறிப்பு திரும்ப வந்திருந்தது: காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, அதற்குக் கால் இல்லை, கிளட்ச் இல்லை, வயசும் இல்லை. ஆனால் பட்டறையில் ஓடவிட்டால் முள் அசையாது. புகை விட்டுப் பார்த்தான், நூல்கூட வரவில்லை. தெருவில் மூன்று சுற்று ஓட்டிப் பார்த்தான், ஒன்றும் இல்லை. அவன் ஓட்டுகிற லட்சணம் அப்படி. சைக்கிள்கள் அவனை முந்திக்கொண்டு போகும். அவன் ஓட்டினால் டர்போவுக்கே தூக்கம் வந்துவிடும்.

கண்ணை மூடி மறுபடி மறுபடி உள்ளே நடந்தான். ஃபில்டர், சென்சார், விசிறி, குளிர்ந்த சந்து, கதவிடுக்கு, அலுமினிய அறை. நாலு வாசல், பின்பக்கம் சுவர். எல்லாம் இருட்டாக, ஒழுங்காக, அமைதியாக இருந்தது. ஒருமுறை அப்படியே நிஜமாகவே தூங்கிப்போனான். அலுமினிய அறைக்குள் அம்மாவின் கட்டில் கிடப்பது போலவும், யாரோ "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்பது போலவும் கனவு வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தான் போன் செய்தார்.

"மச்சான், சாயங்காலம் வண்டியை வீட்ல கொண்டாந்து விட்டுடறியா? உங்க அக்கா கேக்கறா."

"எதுக்கு அத்தான்? அவதான் ஓட்டறதில்லையே."

அத்தான் கொஞ்சம் தயங்கினார். அவர் தயங்கி இவன் கேட்டதே இல்லை.

"ஓட்டறதுக்கு இல்லப்பா. நான் தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டு தினம் மத்தியானம் கார்ல போய் உக்காந்துக்கறா. கிளப்பறது இல்ல. கிளட்சை அழுத்தறா, விடறா, அழுத்தறா, விடறா. எண்ணிக்கிட்டே. நான் ஜன்னல்லேருந்து பாப்பேன். கேட்டா சொல்ல மாட்டா. நானும் கேக்கல."

போனை வைத்துவிட்டு தூங்கி காரின் கதவைத் திறந்து குனிந்து பார்த்தான். ஓட்டுநர் பக்கத்து மிதியடியில் குதிகால் வைக்கிற இடம் பளபளவென்று தேய்ந்து, அடியில் துணி தெரிந்தது. இருபது வருஷத் தேய்மானம் இல்லை, புதுசு. "கிளட்ச்ல கால் அரைகுறையா இருந்திருக்கும் அக்கா" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான். பட்டறையைப் பூட்டாமலே காரை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனான்.

அக்கா வாசலில் லென்ஸ் பெட்டிகளை வேறு ஆளுக்குக் கொடுக்கப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு சுத்து போய்ட்டு வரலாம். நீ ஓட்டு."

"விளையாடறியா?"

"நான் ஓட்டினா ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. உன் பையன் ஓட்டினாலும் தெரியல. உன்கிட்ட மட்டும்தான் அது வாயைத் திறக்குது."

"அதைத்தானே அவனும் சொல்றான். என்கிட்ட மட்டும்தான் நிக்குதுன்னு." சொல்லிவிட்டு அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள், "அது என் கால்தான்னு உனக்குத் தோணலையா?"

"தோணுச்சு. சொன்னேன். தப்பு. இப்ப நீ எப்பவும் ஓட்டற மாதிரியே ஓட்டு. எனக்காக மெதுவாப் போகாதே."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். வெறுங்காலால் ஓட்டினால்தான் காலுக்குப் பெடல் தெரிகிறதா என்று அவளால் நிச்சயம் செய்துகொள்ள முடியும். அதையும் அவன் கவனித்தான்.

லேசாக மழை தூறி நின்றிருந்தது. தெருக்கள் ஈரத்தில் மினுமினுத்தன. முதல் நாலு தெருவுக்கு அவள் பயந்து பயந்துதான் ஓட்டினாள். மேம்பாலத்தின் அடியில் வந்ததும் காலுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. அழுத்தினாள். டர்போ விசிலடித்தது, சீட் முதுகைத் தள்ளியது, பாலத்துக்கு அந்தப்பக்கம் ஈர மூட்டத்தில் கட்டடங்கள் எல்லாம் அடிப்பாகம் இல்லாமல் மிதந்தன. தூங்கி கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு வருஷத்தில் இந்தக் காரின் எல்லாப் பாகத்தையும் தொட்டிருக்கிறான், ஆனால் இந்தக் காரில் இப்படிப் போனதில்லை. பக்கத்தில் அக்கா இருபது வயது குறைந்து உட்கார்ந்திருந்தாள். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாலம் இறங்கி சந்திப்பில் சிவப்பு விழுந்தது. அவள் நிறுத்தினாள். நியூட்ரல். முள் இறங்கியது, ஏறியது, இறங்கியது. கார் நடுங்கத் தொடங்கியது. அக்காவின் முகம் வெளிறியது.

"வந்துடுச்சுடா."

"அணையவிடாதே. ஆக்சிலரேட்டரை லேசாத் தொட்டுக்கோ. பச்சை விழுந்ததும் அப்படியே ஓரம் கட்டு."

ஓரம் கட்டினாள். அவன் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தான். சூடு முகத்தில் அடித்தது. "இப்ப காலை எடு" என்றான். இன்ஜின் இழுத்து இழுத்து மூச்சு விட்டது. அவன் கையை ஊன்றிக் கண்ணை மூடினான்.

ஃபில்டர், சென்சார், விசிறி, சந்து, கதவிடுக்கு. அலுமினிய அறை. நாலு வாசல். பின்பக்கம், சுவர் இருக்க வேண்டிய இடத்தில், வெளிச்சம் வந்தது.

அங்கே வாசல் கிடையாதே என்று நினைத்தான். அப்புறம்தான் பொட்டில் அறைந்த மாதிரி உறைத்தது. கிடையாது என்று அவன்தான் முடிவு செய்திருக்கிறான். வாசல் இருந்தது. அவன்தான் அடைத்தான். தான் அடைத்ததைச் சுவர் என்று எண்ணி இரண்டு மாதமாக அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறான்.

கையை மேனிஃபோல்டுக்குப் பின்னால் விட்டான். கண்ணுக்குத் தெரியாத இடம், கைக்கு மட்டும் தெரிகிற இடம். விரல் நுனியை உஸ் என்று ஏதோ உறிஞ்சியது. விரலை வைத்தான், இன்ஜின் அடங்கியது. எடுத்தான், நடுங்கியது. விரலுக்கடியில் கட்டுக்கம்பி தட்டுப்பட்டது. மூன்று முறுக்கு, வால் இடப்பக்கம் மடக்கியது. அப்படி முறுக்குகிற ஆள் இந்தத் தொழிலில் அவன் ஒருவன்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெட்ரோல் டேங்கின் ஆவியை இன்ஜினுக்குக் கொண்டுவரும் குழாயின் முனையில் ஒரு சின்ன வால்வு உடைந்தது. புதுசு வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். மனைவி வேலை பார்க்கிற மருந்தகத்திலிருந்து வந்த ஒரு மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியை, அந்தக் குழாய் மேனிஃபோல்டில் சேரும் முனையில் மாட்டி, கம்பியால் கட்டி, "ரெண்டு நாள்தான் அக்கா" என்று அனுப்பிவைத்தான். வால்வு வந்தது. எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரப்பர் ஒன்பது வருஷம் தாங்கி, இப்போது இறுகி, ஒரு பக்கம் பிளந்துவிட்டது. சாதாரணமாக இன்ஜின் உள்ளே உறிஞ்சுகிற வேகத்திலேயே பிளவு ஒட்டிக்கொள்ளும். மெதுவாக ஓட்டுகிறவர்களிடம் ஒட்டியபடியே இருக்கும். டர்போ முழு மூச்சில் ஊதும்போதுதான் மூடி கோணிக்கொள்ளும், சூடு தணிகிற வரை கோணியபடியே நிற்கும். பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் ஆறி, சமர்த்தாகப் பழையபடி உட்கார்ந்துவிடும். அக்கா காலை அழுத்தி ஓட்டத் தெரிந்தவள். அதனால்தான் அவளிடம் மட்டும் நின்றது.

பானெட்டுக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அக்கா. அவன் செய்வது அவளுக்குத் தெரியாது. மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு "ஒரு ஹோஸ் அக்கா, பழசாயிடுச்சு" என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படிச் சொல்லத்தான் வாயெடுத்தான். தேய்ந்த மிதியடி கண்ணுக்குள் நின்றது.

"அக்கா, நியூட்ரல்லதானே இருக்கே?"

"ஆமாடா."

"ரெண்டு காலையும் எடுத்து கதவுக்கு வெளியில, தரையில வை."

"எதுக்கு?"

"வையேன்."

கதவு திறந்தது. பானெட்டின் ஓரமாக எட்டிப் பார்த்தான். ஈரத் தார்ச்சாலையில் அவளுடைய இரண்டு வெறும்பாதமும் பக்கம் பக்கமாக இருந்தன. விரலை எடுத்தான். கார் நடுங்கியது. வைத்தான். அடங்கியது. மறுபடி எடுத்தான், மறுபடி வைத்தான்.

"கால் எங்க இருக்கு?"

"கீழ இருக்கு," என்றாள் அவள்.

"ரோடு தெரியுதா காலுக்கு?"

"சில்லுனு இருக்குடா."

இன்ஜினை நிறுத்தச் சொல்லி, கம்பியை அறுத்து மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து அவள் உள்ளங்கையில் வைத்தான். எல்லாவற்றையும் சொன்னான். ரெண்டு நாள் என்று சொன்னதை, டிராயரை, கிளட்ச் என்று சொன்னதை. அவள் அந்தச் சின்னக் கறுப்பு ரப்பரை விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடித்திருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு ஹோஸ் துண்டில் போல்ட்டைத் திணித்து அந்த முனையை அடைத்தான். திரும்பிப் பட்டறைக்கு வரும்போதும் அவள்தான் ஓட்டினாள், மூடியை இடது கையில் பொத்திக்கொண்டே.

அன்று சாயங்காலம் 'அப்புறம்' டிராயரைத் தரையில் கவிழ்த்தான். பிளாஸ்டிக் உறைக்குள் வால்வு இருந்தது. உறைமேல் அவன் கையெழுத்திலேயே 'அக்கா – பச்சை' என்று எழுதியிருந்தது. அன்றிரவே அதைப் பச்சையில் மாட்டினான்.

சனிக்கிழமை காலை மகன் பட்டறைக்கு வந்தான். அக்காவும் அத்தானும் கூடவே வந்தார்கள். தூங்கி புது வால்வைக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் மகனிடம் சொன்னான். மகனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒன்பது வருஷமா மாமா? அத்தனை பேர் நடுவுல அம்மா அங்க அழாத குறையா நின்னாங்க. நான் அவங்க சாவியைப் பிடுங்கினேன். நீங்க வேற காலைப் பாத்து வைன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. எல்லாம் உங்க தப்பா?"

"என் தப்புதான்," என்றான் தூங்கி.

"அப்ப அந்தப் பெட்ரோல் வாசனை?" என்றார் அத்தான்.

"அதுவும்தான் அத்தான். டேங்க் ஆவி போக வழியில்லாம இருந்துச்சு. நீங்க சொன்னது சரி."

அத்தான் ஒன்பது வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அது. ஆனால் அவர் பெருமையடித்துக்கொள்ளவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மகனின் தோளைத் தொட்டாள்.

"அவனைத் திட்டாதேப்பா. ரெண்டு மாசமா நான் தினம் வேண்டிக்கிட்டது அதைத்தான். யார் தப்பாவாவது இருக்கட்டும், எவன் தப்பாவாவது இருக்கட்டும், உங்க பாட்டி கால் மட்டும் எனக்கு வந்திருக்கக் கூடாதுன்னு." சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள். "இவன் என் கையில இந்த மூடியை வெச்சப்ப எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. கும்பிடணும்னு தோணுச்சு. தம்பியாச்சேன்னு விட்டுட்டேன்."

மகன் அவள் காலைப் பார்த்தான். பாட்டியின் கால் அவனுக்கும் ஞாபகம் இருந்தது, அம்மா அதை நினைத்திருப்பாள் என்பதுதான் தோன்றவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். வாங்க இருந்தவரிடம் விற்கவில்லை என்று போனில் சொல்ல வெளியே போனவன், நெடுநேரம் சுவரைப் பார்த்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதன்பின் நாலு பேரும் பச்சையில் ஏறினார்கள். அக்கா மேம்பாலத்தில் அழுத்தினாள், பின்சீட்டில் மகன் "அம்மா!" என்றான், அத்தான் சொல்லித்தர வாயைத் திறந்து, என்ன நினைத்தாரோ, மூடிக்கொண்டார். பாலம் இறங்கி அதே சந்திப்பு, அதே சிவப்பு. முள் அசையாமல் நின்றது. உள்ளே சத்தமே இல்லை.

"அணைஞ்சு போச்சா?" என்றார் அத்தான்.

"இல்லைங்க. ஓடுது."

தூங்கி கண்ணை மூடி உள்ளே நடந்தான். நாலு வாசல், பின்பக்கம் ஐந்தாவதாக ஒரு சின்ன வாசல், கதவு போட்டது. பின்னால் ஹாரன் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தான். பச்சை விழுந்து நேரமாகியிருந்தது. முன்னால் இருந்த வண்டிகள் எல்லாம் போய்விட்டன. அக்கா மட்டும் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி, அந்த ஐட்லிங்கைக் கேட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மறுபடி ஹாரன் அடித்தது.

"அடிக்கட்டும்," என்றாள் அவள்.